தீ மிதித்த கார்பன் கால்

போன மாதம், கிள்ளான் பக்கத்து மேருவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பழைய பெரிய அடுப்பைக் கழற்றி லோரியில் ஏற்றிவிட்டார்கள். யாரோ அதைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட, கீழே அழுகிற முகமும் கூப்பிய கையுமாக வரிசையாக வந்து விழுந்தன. ‘எத்தனை பேருக்குச் சோறு போட்ட அடுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு போட்டது உண்மைதான். பந்திங் ஊரில் ஒரு குடும்பத்துக்கு அது என்ன செய்தது என்பதும் எனக்குத் தெரியும்.

புதிய அடுப்பு வந்திருக்கிறதாம். உள்ளே எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று அதுவே திரையில் காட்டிவிடுமாம். சோதனைக்கூடத்தில் துண்டு துண்டாக உடைத்துப் பார்க்கிற வேலை இனிமேல் பாதிகூட இருக்காதாம். இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள், “ஆன்டி, உங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடுறோம்” என்று கேட்டார்கள். நான் எழுதினால் அது அடுப்புக்கு மாலை போடுகிற கட்டுரையாக இருக்காது என்றேன். பரவாயில்லை என்றார்கள். போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன்.

என் வேலை பொருட்களை உடைப்பது. வீட்டில் கை தவறி ஒரு தட்டு விழுந்தால்கூட, “ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதே மாலா” என்று என் கணவர் கிண்டல் செய்வார். பாலிடெக்னிக்கில் படித்தேன். முதலில் கையுறை செய்கிற இடத்தில் ரப்பரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகு கார்பன் நாரில் சாமான் செய்கிற இந்த மேரு தொழிற்சாலைக்கு வந்தேன். கிள்ளானிலிருந்து பஸ், திரும்பும்போது சட்டைக் கழுத்தில் கருப்புத் தூசி, மாதம் முடிந்தால் சம்பளம். ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கார்பன் நார் கருப்புத் துணி மாதிரிதான் வரும். அதில் பிசின் ஊறியிருக்கும். அந்தத் துணியை வெட்டி, அச்சில் அடுக்கடுக்காகப் படிய வைத்து, இடையில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துச் சூடு காட்டினால் இறுகிவிடும். வேலை அதோடு முடிந்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். முடியவில்லை. அச்சிலிருந்து கழற்றியதை மறுபடியும் பெரிய அடுப்பில் வைத்து, மெதுவாகச் சூட்டை ஏற்றி, அங்கேயே நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். இரண்டாம் வேக்காடு என்போம். முதல் சூடு பொருளுக்கு உருவம் கொடுக்கிறது. இரண்டாவதுதான் பிசினை உள்ளே வரை வேகவைக்கிறது. அது குறைந்துபோனால், வெளியே வெந்து நடுவில் மாவாக இருக்கிற இட்லிதான். கூடிப்போனாலும் தொல்லை. பிசின் மொறமொறத்துப்போய், சின்ன அடி பட்டாலே கீறல் விடும்.

கொடுமை என்னவென்றால், அரைவேக்காட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கருப்பு, அதே பளபளப்பு. ஏர்கோன் அறையில் வைத்து வளைத்தால் நல்ல பொருளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூட்டில் வைத்து வளைத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். பிசின் தளர்ந்து, அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் அதற்குத் தாராளமாகத் துணை செய்யும்.

அதற்காகத்தான் சாட்சித் துண்டு. அடுப்பை நிறைக்கும்போதெல்லாம், அதே துணியில் அதே பிசினில் செய்த சின்னப் பலகை ஒன்றையும் சாமான்களோடு உள்ளே வைப்போம். வெந்து வந்த பிறகு சாமான் ஸ்டோருக்குப் போகும், பலகை என்னிடம் வரும். அதை உடைத்தால் கிடைக்கிற பதிலை நம்பித்தான் சாமான் வெளியே போகும்.

எனக்கு மேலே இருந்தவர் திரு. சபாநாதன். தரப் பிரிவின் மேலாளர், பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வே அலுவலகத்தில் உட்கார்ந்த குடும்பம். முழுக்கைச் சட்டையை அவர் மடித்துவிட்டு நான் பார்த்ததில்லை. யாரிடமும் சத்தம் போட்டதும் இல்லை. போட்டிருந்தால் பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கெட்டுப்போன சாமானைக் கையில் எடுப்பார், கைக்குட்டையால் துடைப்பார், செய்தவன் முன்னால் மெதுவாக வைப்பார். “இதை ஒருக்கா நீரே பாரும்” என்பார். அவ்வளவுதான். அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

உடைப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பலகையை வைர ரம்பத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் அறுத்தால் ரம்பத்தின் சூடே பிசினைக் கெடுத்துவிடும். அறுத்ததை உலர்த்தி, ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, தடிமனை இரண்டு நுனியிலும் நடுவிலும் அளந்து, இரண்டு உருளைகளுக்கு மேல் படுக்க வைக்க வேண்டும். பிறகு மெஷின் நடுவில் மெதுவாக அழுத்தும். பாதித் துண்டுகளைக் குளிர் அறையில் உடைப்போம், மீதியை மெஷினைச் சுற்றி மாட்டுகிற சூட்டுப் பெட்டிக்குள் வைத்து உடைப்போம். அழுத்தம் ஏற ஏற, முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு உள்ளே அரிசி பொரிகிற மாதிரி சத்தம் வரும். அந்த நேரத்தில் சபாநாதன் கண்ணை மூடிக்கொள்வார். நன்றாக வெந்த துண்டு பளீரென்று ஒரே சத்தத்தில் போகும். வேகாதது சூட்டுப் பெட்டிக்குள் சத்தமே இல்லாமல் மடங்கும். திரையில் எண் வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும் என்பது முகத்தில் தெரியும். ஆனால் எண் வராமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

“அவசரப்படாதையும் பிள்ளை. முறைப்படி போவம்.”

ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அந்த வார்த்தையை நான் முதலில் மதித்தேன், பிறகு வெறுத்தேன். அது எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நாங்கள் செய்த சாமான்களில் ஒன்று செயற்கைப் பாதம். முட்டிக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்காகக் கார்பனில் செய்த வளைந்த தகடு. மிதித்தால் அமுங்கும், எடுத்தால் நிமிரும். இனிப்பு நீர் நோய் வந்து விரல், பாதம், கால் என்று இழந்துகொண்டே போகிறவர்கள் நம் ஆட்களில் எத்தனை பேர்! அதனால் சைக்கிள் சாமானைவிட அந்தப் பாதத்தின் மேல்தான் எனக்குப் பெருமை. அதன் சாட்சித் துண்டுகளை உடைக்கும்போது மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொள்வேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருந்தபோது, உடைந்த பாதம் ஒன்று பெட்டியில் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்தது, கால் இழந்தவர்களுக்கு உதவுகிற தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண். பாதத்துக்குச் சொந்தக்காரர் ராமையா, பந்திங் பக்கம் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். கிள்ளானில் உச்சி வெயிலில் பஸ்ஸுக்காக வெகு நேரம் நின்றிருக்கிறார். பஸ் வந்து படியில் ஏறும்போது, பாதம் கணுக்கால் வளைவில் மடங்கிவிட்டது. பின்பக்கமாகத் தார் ரோட்டில் விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கரியாக இருந்தது.

“தீ மிதிச்சாரு ஆன்டி” என்றாள் அந்தப் பெண்.

புருஷன் மறுபடியும் நடந்துவிட்டால் பூக்குழி இறக்குகிறேன் என்று அவர் மனைவி பாக்கியம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். கால் கிடைத்தது, நடந்தார். திருவிழா வந்ததும் ராமையா காப்புக் கட்டி விரதம் இருந்து இறங்கினார். கார்பன் பாதத்துக்கு மேலே ஒரு ரப்பர் உறை உண்டு. அதோடு இறங்குவது செருப்புப் போட்டுக்கொண்டு குழியில் இறங்குவது மாதிரி என்று நினைத்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பக்கம் சொந்தக் காலும் மறு பக்கம் வெறும் கார்பனுமாக நடந்திருக்கிறார். சொந்தக் கால் கொப்புளிக்கவில்லையாம். ஊரே கும்பிட்டதாம். சில மாதம் கழித்துப் பாதம் முறிந்ததும், அதே ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. பொய்க்காலோடு இறங்கியதை அம்மன் ஏற்கவில்லை என்றார்கள். நெருப்புதான் காலைத் தின்றுவிட்டது என்றார்கள்.

“அந்த அக்காவத்தான் பாக்கப் பாவமா இருக்கு” என்றாள். “நேர்ந்துக்கிட்டது அவங்க. அவரு மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறாரு. எல்லாரும் உன்னாலதான்னு சொல்றாங்க. இது எதுனாலன்னு சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க ஆன்டி.”

எங்கள் பொது மேலாளர் தீமிதி என்று கேள்விப்பட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். “நெருப்புல நடந்தா எந்தக் கால் தாங்கும்? கேஸ் குளோஸ் லா” என்று போய்விட்டார்.

சபாநாதன் மட்டும் பாதத்தைக் கையில் எடுத்தார். துடைத்தார். அடிப்பக்கத்தில் விரலை வைத்து, “எரிஞ்சது இங்கை” என்றார். விரலை வளைவுக்குக் கொண்டுபோய், “முறிஞ்சது இங்கை” என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். “வெட்டாமல் விளங்காது பிள்ளை.”

வெட்டினேன். அடிப்பக்கத்தில் வெட்டிய துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால், கரி மேல்தோலில் மட்டும்தான் இருந்தது. குழியில் வேகமாகத்தான் நடந்திருக்கிறார். நெருப்புக்கு உள்ளே போக நேரம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே நார் ஒழுங்காக இருந்தது. வளைவில் வெட்டிய துண்டுகளைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து அழுத்தினேன். முதல் துண்டு சத்தமே போடாமல் மடங்கியது. இரண்டாவதும் அப்படியே. சபாநாதன் கண்ணைத் திறக்கவே இல்லை.

குழியின் சூடு மேலே ஏறி வளைவையும் கெடுத்திருக்கலாம் என்று அலுவலகம் சொல்லும். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். வளைவிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டை எடுத்து, இரண்டாம் வேக்காட்டை எங்கள் சின்ன அடுப்பில் முறையாகக் கொடுத்து, பிறகு அதே சூட்டில் உடைக்கச் சொன்னார்.

“எரிஞ்ச சோத்தைத் திருப்பி அடுப்பில வச்சால் நல்லாகுமோ? வேகாத சோறெண்டால்தான் ஆகும்” என்றார்.

துண்டு பளீரென்று போனது. ராமையாவின் கால் எரிந்துபோன கால் இல்லை. அது வேகாமல் எங்களிடமிருந்து போன கால்.

ராமையாவின் பாதத்தோடு ஒரே தடவை அடுப்பில் வெந்த பாதங்கள் சில, விற்காமல் ஸ்டோரில் கிடந்தன. எந்தக் கோயிலையும் எந்த நெருப்பையும் பார்க்காதவை. மேல் தட்டில் இருந்தவை நன்றாக இருந்தன. நடுத்தட்டில் இருந்தவை ராமையாவின் பாதம் மாதிரியே மடங்கின. அப்படியானால் சாட்சித் துண்டு ஏன் நல்ல பதில் சொன்னது? அடுப்புப் பிரிவின் சூப்பர்வைசர் குணாவிடம் போய், துண்டை எங்கே வைப்பாய் என்று கேட்டேன்.

“மேல் தட்டுலதான்க்கா, காத்தாடி பக்கத்துல. எப்பவும் அங்கதானே. குனிஞ்சு உள்ள விட்டா என் முதுகு போயிடும் லா.”

சூட்டைப் பரப்புகிற காற்றாடிக்குப் பக்கத்தில்தான் சூடு அதிகம். சாதாரண நாளில் அதனால் பெரிய கெடுதல் வந்திருக்காது. ஆனால் அந்த மாதம் சரக்கை அவசரமாக அனுப்ப வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்து, தட்டுகளில் இரண்டு பங்கு அடைத்திருக்கிறார்கள். சூடான காற்று நடுவில் நுழையவே இல்லை. சாட்சி நல்ல இடத்தில் இருந்து நன்றாக வெந்து வந்து, நான் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நடுத்தட்டில் நடந்தது அதற்குத் தெரியாது. அதற்குப் பிறகு சபாநாதன் துண்டு வைக்கிற இடத்தை நடுத்தட்டின் நடுவுக்கு மாற்றி, யாரும் நகர்த்த முடியாதபடி கம்பியால் கட்ட வைத்தார். குணாவை யாரும் திட்டவில்லை. உத்தரவு போட்டவரையும் யாரும் திட்டவில்லை.

சபாநாதன் முடிவை எடுத்துக்கொண்டு பொது மேலாளர் அறைக்குப் போனார். வெளியே போன மற்றப் பாதங்கள் ஒன்றுவிடாமல் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். வந்தன. புது மாடல் தருகிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இன்னும் யாராவது விழாமல் இருந்தார்கள் என்றால் அது அவரால்தான். அதை மறைத்து எழுத மாட்டேன்.

“ராமையா வீட்டுக்குச் சொல்லியாச்சா சார்?” என்று கேட்டேன்.

“மேலை குடுத்திருக்கு பிள்ளை. வக்கீல் பாத்திட்டு அவையள் அறிவிப்பினம். நாங்கள் முறைப்படி போவம்.”

அவர் அதை நம்பினார். நானும் நம்பி, அடுத்த துண்டை உடைக்கப் போனேன்.

சில வாரம் கழித்து, வாசல் காவலுக்கு இருந்த ஜாகா சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டார். தமிழ் அம்மா ஒருத்தர் வந்திருக்கிறார், ஏதோ கால் கேட்கிறார் என்றார். நான் ஓடினேன். ஜாகாவின் கொட்டகை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், வெறும் நெற்றியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“ராமையா வீட்டுக்காரம்மா நானு. அவரு காலு இங்க இருக்குன்னாங்க” என்றார் பாக்கியம். “ஆஸ்பத்திரிலயே காய்ச்சல் வந்து போயிட்டாரு. சாம்பல மோரிப் கடல்ல கரைச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அதையும் சேத்து விட்டுட்டா என் கடமை முடிஞ்சிரும்.”

அவர் கேட்ட கால் துண்டு துண்டாக மேலே என் மேசையில் இருந்தது. சபாநாதனைக் கூப்பிட்டேன். அவர் எல்லாத் துண்டுகளையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படி இறங்கி வந்தார். வந்து, நின்றபடியே, அவருக்கே உரிய ஒழுங்கோடு, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கால் முறிந்தது நெருப்பால் இல்லை. எங்கள் அடுப்பில் சரியாக வேகவில்லை. தீ மிதிக்காமல் இருந்திருந்தாலும் முறிந்திருக்கும்.

பாக்கியம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உங்களுக்கு எப்பங்க தெரியும்? அவரு போனதுக்கு அப்புறமா?”

வெளியே கொள்கலன் லோரி ஒன்று திரும்பிப் போனது. சபாநாதன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவர் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“அவர் இருக்கேக்கையே தெரியும் அம்மா” என்றார். “முறைப்படி…” என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

பாக்கியம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். “தண்ணி கேப்பாரு. நான் கிளாஸ எடுத்தா மொகத்தத் திருப்பிக்குவாரு. நர்ஸம்மா வந்து குடுத்தாத்தான் குடிப்பாரு. என் கையால வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல. திருப்பிக்கிட்டாரு, அவ்ளோதான். கடைசி வரைக்கும் அப்படியே.”

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போயிருந்தால் போதும். யாரும் தடுத்திருக்க முடியாது. முறை தடுத்தது. அந்த நல்ல மனிதரின் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

பாக்கியம் தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். கருப்புத் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இதுல நெருப்புப் பட்டது எதும்மா?”

அடிப்பக்கத்துத் துண்டை எடுத்து, கரி தெரிகிற பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். கரி பொடிப்பொடியாக உதிர்ந்து சேலையில் விழுந்தது. கீழே துணி நெய்த மாதிரி நார் பளபளவென்று தெரிந்தது. மறுபடியும் அழுத்திச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்க்கா.”

நகத்தில் ஒட்டியிருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாந்தான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு” என்றார்.

பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். தட்டைத் துடைத்து சபாநாதன் கையில் கொடுத்தார். கிள்ளானுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று ஜாகாவிடம் கேட்டார். அவர் கை காட்டிய பக்கம், வெயிலில் இறங்கி நடந்தார்.